தலையா, கப்பலா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)

எங்கள் அப்பத்தாவின் சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி ஆகியவற்றோடு ஒரு பழைய வெள்ளி ரூபாயும் எப்போதும் இருக்கும். அவளுடைய மாமியார் கொடுத்தது. அதைச் செலவழிக்கவும் மாட்டாள், பெட்டியில் பூட்டவும் மாட்டாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே முதலாம் ஆண்டு பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அந்தக் காசில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு பக்கம் முடி சூடிய ஒரு பெண்ணின் தலை. விக்டோரியா பேரரசி என்ற எழுத்துகள். மறுபக்கம் பூவேலைப்பாட்டின் நடுவே ஒரு ரூபாய், இந்தியா, 1901. அவ்வளவுதான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அப்பத்தா, பெண்டாட்டி தலை இருக்கிறதே, புருஷன் தலை எங்கே என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் அரசர் அல்லர், அரசியின் கணவர் மட்டுமே என்பதும், அவர் 1861-ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார் என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து இருக்கும் நாணயம் உலகில் உண்டா? நூலகத்தில் தேடியபோது, அத்தகைய நாணயங்களை மட்டுமே தேடிச் சேர்ப்போர் பல நாடுகளில் இருக்கிறார்கள் என்று அறிந்தேன். அவர்களிற் பலர் தேடும் ரோமானிய நாணயங்களில் ஒரே ஆணின் முகம் திரும்பத் திரும்ப வருகிறது. அவன் பின்னால் வரும் பெண்ணின் முகம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது! அவன்தான் மார்க் ஆண்டனி. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் வழியாக அவனை அறியாதவர் இலர். ஆனால் நாடகம் அவன் இறந்து ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது. நாணயமோ அவன் உயிரோடு இருந்தபோது, அவன் ஆணைப்படி, அவன் படைவீரர்களின் கையில் சம்பளமாகப் போய்ச் சேர்ந்தது. வேதியியல் மாணவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். வெள்ளியும் செம்பும் எங்கள் பாடம் அல்லவா!

ஆண்டனி கி.மு. 83-இல் ரோமில் பிறந்தான். பாட்டனார் பெரிய நாவலர். அரசியல் பகையில் கொல்லப்பட்டார். தந்தை கடற்கொள்ளையரை அடக்கக் கிரீட் தீவுக்குப் போய்த் தோற்றார். தாய் ஜூலியா, ஜூலியஸ் சீசரின் உறவினள். தந்தை இறந்தபின் தாய் மறுமணம் புரிந்தாள். அந்தச் சிற்றப்பனை, சதிக் குற்றத்துக்காக, கி.மு. 63-இல் கான்சலாக இருந்த சிசரோ விசாரணையின்றிக் கொல்லச் செய்தான். அந்தப் பகை ஆண்டனியின் நெஞ்சில் இருபது ஆண்டுகள் கனன்று கொண்டிருந்தது. இளமையில் குடி, சூது, கூட்டாளிகள் என்று திரிந்து, 250 டாலண்டு கடனில் மூழ்கினான். கடன்காரர்களுக்குப் பயந்தோ என்னவோ, கிரேக்க நாட்டுக்குப் பேச்சுக்கலை பயிலப் போனான். அங்கிருந்து சிரியா சென்று குதிரைப்படைத் தலைவனானான். கி.மு. 55-இல் எகிப்து மன்னனை மீண்டும் அரியணையில் ஏற்றப் போன ரோமானியப் படையில் அவனும் இருந்தான். அந்த மன்னனின் மகள்தான் கிளியோபாட்ரா. அப்போது அவளுக்கு வயது பதினான்கு.

பிறகு சீசரிடம் சேர்ந்தான். கால் பிரதேசப் போரிலும், பார்சேலஸ் களத்திலும் சீசரின் வலக்கையாக விளங்கினான். கி.மு. 44-இல் சீசரும் அவனும் சேர்ந்தே கான்சல் பதவி வகித்தார்கள். அவ்வாண்டு மார்ச் 15-இல் சீசர் வெட்டி வீழ்த்தப்பட்டதும், ஆண்டனி ஆற்றிய இரங்கலுரையால் ரோம் நகரமே கொதித்தெழுந்ததும் நாம் பள்ளியிலேயே படித்த கதை.

இங்கே நாணயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கும் மனிதனின் முகத்தை நாணயத்தில் பொறிப்பது அரசர்களின் வழக்கம். அரசர்களை வெறுத்த ரோம் நகரில் முதன்முதலாக அப்படிப் பொறிக்கப்பட்டது சீசரின் முகமே. அதுவும் அவன் கொல்லப்பட்ட அதே ஆண்டில்தான். சில வாரங்களுக்குள் ஆண்டனியின் முகமும் வந்துவிட்டது. அந்த வெள்ளி டினாரியஸில் அவன் முக்காடிட்டு, தாடியோடு இருக்கிறான். துக்கம் காப்போர் சவரம் செய்துகொள்வதில்லை. நம் ஊரிலும் அப்படித்தானே? சீசருக்காகத் தான் துக்கம் காப்பதைக் காசின் மூலம் நாடெங்கும் அவன் அறிவித்தான். செய்தித்தாள் இல்லாத காலத்தில் காசுதான் செய்தித்தாள்!

அப்போது அவன் மனைவி புல்வியா. இரண்டு கணவரை இழந்து மூன்றாவதாக ஆண்டனியை மணந்தவள். செல்வமும் துணிச்சலும் மிக்கவள். படை திரட்டவும் அரசியல் நடத்தவும் தெரிந்தவள். சீசரின் வாரிசாக 18 வயது ஆக்டேவியன் வந்து நின்று ஆண்டனியோடு மோதி, பின்பு லெபிடஸையும் சேர்த்துக்கொண்டு கி.மு. 43-இன் இறுதியில் மூவர் ஆட்சி அமைந்தது. கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியல் போடப்பட்டது. சிசரோ அதில் முக்கியமானவன். அவன் தலையும் கைகளும் வெட்டப்பட்டு, அவன் நின்று முழங்கிய அதே மேடையில் தொங்கவிடப்பட்டன. புல்வியா தன் கொண்டை ஊசியால் அந்த நாவைக் குத்தினாள் என்று பிற்காலத்து ஆசிரியர் ஒருவர் எழுதினார். அவள்மீது பகைவர் சொன்ன பழி எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

அந்த ஆண்டுகளில் லியோன் நகரில் அடிக்கப்பட்ட ஒரு சிறு வெள்ளிக் காசு உண்டு. எடை இரண்டு கிராம்கூட இராது. ஒருபுறம் ஒரு சிங்கம். அதன் அருகே ஆண்டனியின் வயது, நாற்பது என்று சிலவற்றிலும் நாற்பத்தொன்று என்று சிலவற்றிலும். மறுபுறம் சிறகு முளைத்த பெண் தலை. சிறகு இருப்பதால் அது வெற்றித் தெய்வம். ஆனால் நெற்றிக்கு மேலே கூந்தலைச் சுருட்டி முடிந்த பாணியோ அக்கால ரோமானியச் சீமாட்டிகளுடையது. அது புல்வியாவே என்பாரும், இல்லை வெறும் தெய்வமே என்பாரும் அறிஞர்களில் உண்டு. ஆசியா மைனரில் யூமேனியா என்ற ஊர் தன் பெயரையே புல்வியா என்று மாற்றிக்கொண்டு, அதே சிறகு முகத்தைத் தன் செப்புக் காசிலும் பொறித்தது. அதைப் பார்க்கும்போது முதற் கட்சியாரே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. எனினும் மனைவியை மனைவியாகக் காட்ட ஆண்டனிக்கு இன்னும் துணிவு வரவில்லை. தெய்வத்தின் முகமூடி தேவைப்பட்டது.

கி.மு. 42-இல் பிலிப்பி களத்தில் சீசரைக் கொன்றவர்கள் அழிந்தார்கள். கிழக்கு நாடுகள் ஆண்டனியின் பங்குக்கு வந்தன. மறு ஆண்டு டார்சஸ் நகருக்கு அவன் கிளியோபாட்ராவை வரவழைத்ததும், அவள் ஊதா நிறப் பாய் கட்டிய படகில் வெள்ளித் துடுப்புகள் அசைய வந்து சேர்ந்ததும், அவன் அவள் பின்னே அலெக்சாந்திரியா போய்ச் சேர்ந்ததும் உலகறிந்தவை. இதற்கிடையே இத்தாலியில் கணவனின் நலனுக்காகப் புல்வியா ஆக்டேவியனோடு போரே தொடுத்தாள். தோற்றாள். கிரேக்க நாட்டுக்கு ஓடி வந்தவளை ஆண்டனி கடிந்துகொண்டு விட்டுப் போனான். சிக்யோன் என்ற ஊரில் கி.மு. 40-இல் அவள் நோயுற்று இறந்தாள். எவனுக்காகப் போரிட்டாளோ அவன் பக்கத்தில் இல்லை.

அவள் சாவு ஆண்டனிக்கும் ஆக்டேவியனுக்கும் வசதியாகப் போயிற்று. எல்லாப் பழியையும் இறந்தவள்மேல் போட்டுவிட்டு, பிரண்டிசியம் துறைமுகத்தில் இருவரும் சமாதானம் செய்துகொண்டார்கள். அந்தச் சமாதானத்தின் முத்திரையாக ஆக்டேவியன் தன் அக்காள் ஆக்டேவியாவை ஆண்டனிக்கு மணம் செய்து கொடுத்தான். அவள் அப்போதுதான் கணவனை இழந்தவள். முதல் கணவனின் வழியில் மூன்று குழந்தைகள் அவளுக்கு. கணவன் இறந்து பத்து மாதம் கழியாமல் பெண் மறுமணம் செய்யக் கூடாது என்பது ரோமானியச் சட்டம். செனட் சபை கூடி அந்தச் சட்டத்தையே தளர்த்தியது! பெண்ணின் சம்மதத்தை யாரேனும் கேட்டார்களா என்று எந்த வரலாற்று ஆசிரியரும் எழுதவில்லை.

இனித்தான் நாணயம் சேர்ப்போர் ஆவலோடு தேடும் காசுகள் வருகின்றன. கி.மு. 39-இல் ஆசிய மாகாணத்தில் சிஸ்டோபோரஸ் என்ற பெரிய வெள்ளி நாணயத்தை ஆண்டனி அடித்தான். மூன்று டினாரியஸ் மதிப்பு. ஏறக்குறைய 12 கிராம். அது மது தெய்வமான டயனைசஸின் கூடையும் பாம்புகளும் கொண்ட பழைய வகைக் காசு. ஆண்டனி தன்னையே புதிய டயனைசஸ் என்று அழைத்துக்கொண்டவன். எனவே காசில் கொடிமாலை சூடியிருக்கிறான். ஒரு வகையில், மறுபுறம் இரண்டு பாம்புகளுக்கு நடுவே கூடையின்மேல் ஆக்டேவியாவின் முகம். இன்னொரு வகையில் இருவர் முகமும் ஒரே புறத்தில், ஒன்றின்பின் ஒன்றாக. முன்னால் ஆண்டனியின் தடித்த கழுத்தும் துருத்திய மோவாயும். பின்னால் அவள் முகம் ஒரு விளிம்பளவே தெரிகிறது. ஜன்னல் ஓரத்தில் அமர்ந்திருப்பவரைத் தாண்டி எட்டிப் பார்ப்பதுபோல! எகிப்தை ஆண்ட கிரேக்க மன்னர்கள் இப்படி அரசனும் அரசியுமாகக் காசு அடித்ததுண்டு. ரோமானியருக்கு இது புதிது. இங்கே சிறகும் இல்லை, தெய்வ முகமூடியும் இல்லை. உயிரோடிருந்த ரோமானியப் பெண் ஒருத்தியின் முகம் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கது ஆக்டேவியாவின் முகமே.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்தக் காசைச் சுற்றி ஓடும் எழுத்துகள் யாவும் ஆண்டனியின் பட்டங்கள். அவன் படைத்தலைவன், அவன் கான்சலாகத் தேர்வு பெற்றவன், அவன் மூவரில் ஒருவன். ஆக்டேவியாவின் பெயர் அதில் எங்குமே இல்லை. யாருடைய தம்பி அவளை அனுப்பினான் என்பது எல்லோருக்கும் தெரியும். பெயர் எதற்கு என்று நினைத்தார்களோ! எங்கள் வீட்டு ரேஷன் அட்டையில் அப்பத்தாவின் பெயர் பிழையாக எழுதப்பட்டு இன்றுவரை அப்படியே கிடக்கிறது. இது நினைவுக்கு வந்தது.

ஏதென்ஸ் நகரில் அவர்கள் குடித்தனம் அமைதியாக நடந்தது. மகள் ஒருத்தி பிறந்தாள். ஆண்டனிக்கும் ஆக்டேவியனுக்கும் மறுபடி பகை மூண்டு, கி.மு. 37-இல் ஆண்டனி கப்பற்படையோடு இத்தாலிக் கரைக்கே வந்துவிட்டான். கருவுற்றிருந்த ஆக்டேவியா இருவருக்கும் நடுவே போய் நின்று, டாரண்டம் என்ற ஊரில் சமாதானம் செய்துவைத்தாள். ஆண்டனி 120 கப்பல்கள் கொடுப்பது, பதிலுக்கு ஆக்டேவியன் 20,000 வீரர்களை அனுப்புவது என்று ஒப்பந்தம். கப்பல்கள் போயின, வீரர்கள் வரவில்லை.

அந்தக் காலத்தையொட்டி ஆண்டனியின் கடற்படைத் தளபதிகள் மூவர் வெண்கலக் காசுகள் அடித்தார்கள். அவற்றில் பெரியதில் ஆண்டனியும் ஆக்டேவியாவும் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்க்கிறார்கள். மறுபுறம் கடற்குதிரைகள் இழுக்கும் தேரில் கடல் தெய்வத் தம்பதியாக அவர்களே நிற்கிறார்கள். இன்னொரு வகையில் ஆண்டனியும் ஆக்டேவியனும் ஒருபுறமாக இணைந்திருக்க, எதிரே ஆக்டேவியா தனியாக இருக்கிறாள். கணவனும் தம்பியும் ஒரு பக்கம், அவள் ஒருத்தி மறுபக்கம். அவள் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் வரைந்திருக்க முடியாது.

நம் பிள்ளைகள் பூவா தலையா போடுவதுபோல, ரோமானியச் சிறுவர்கள் தலையா கப்பலா என்று காசைச் சுண்டுவார்கள். அவர்களின் பழைய வெண்கலக் காசில் ஒருபுறம் இரட்டை முகத் தெய்வமான ஜேனஸின் தலை, மறுபுறம் கப்பலின் முகப்பு. காசின் வடிவம் மாறிப்போன பிறகும் அந்தச் சொல் வழக்கில் நின்றது. ஆண்டனியின் காசுகளிலும் ஒன்று தலை, அல்லது கப்பல். தலைகள் குடும்பத்தைச் சொல்லும். கப்பல்கள் போரைச் சொல்லும்.

அவ்வாண்டே ஆக்டேவியாவை இத்தாலிக்கு அனுப்பிவிட்டுக் கிழக்கே சென்ற ஆண்டனி, அந்தியோக்கியாவில் கிளியோபாட்ராவை மீண்டும் சந்தித்தான். மூன்று ஆண்டுகளுக்குமுன் அவனுக்குப் பிறந்த இரட்டைக் குழந்தைகளை அவள் அழைத்து வந்திருந்தாள். சூரியன், சந்திரன் என்று பொருள்படும் ஹீலியஸ், செலீனி என்னும் பட்டப்பெயர்கள் அவர்களுக்குச் சூட்டப்பட்டன. பார்த்தியா மீது படையெடுக்க அவனுக்குப் பணம் வேண்டும், கப்பல் வேண்டும், தானியம் வேண்டும். எல்லாம் அவளிடம் இருந்தன. காதல் இல்லை என்று நான் சொல்லவில்லை. கணக்கும் இருந்தது என்கிறேன். கி.மு. 36-இல் நடந்த அந்தப் படையெடுப்பு பெருந்தோல்வியில் முடிந்தது. பனியிலும் பசியிலும் 20,000-க்கு மேற்பட்ட வீரர்கள் மாண்டார்கள். அதே ஆண்டு ஆக்டேவியாவுக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். தகப்பன் அந்தக் குழந்தையை ஒருநாளும் பார்க்கவில்லை.

மறு ஆண்டு ஆக்டேவியா கணவனுக்காக உடைகளும் பணமும் 2,000 தேர்ந்த வீரர்களும் திரட்டிக்கொண்டு ஏதென்ஸ்வரை வந்தாள். பொருள்களை அனுப்பிவிட்டு நீ திரும்பிப் போகலாம் என்ற வகையில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. அவள் திரும்பினாள். தம்பி, அந்த வீட்டை விட்டு வந்துவிடு என்றான். அவள் கேட்கவில்லை. ரோமில் ஆண்டனியின் வீட்டிலேயே இருந்து, தன் பிள்ளைகளோடு புல்வியாவின் பிள்ளையையும் வளர்த்தாள். கணவனின் நண்பர்கள் காரியமாக வந்தால் உதவியும் செய்தாள். அவளுடைய இந்தப் பண்பே ஆண்டனியின்மேல் ரோமானியருக்கு வெறுப்பை வளர்த்தது என்று புளூடார்க் என்னும் வரலாற்று ஆசிரியர் கருதுகிறார். பழிவாங்க நினைத்திருந்தால்கூட இவ்வளவு கெடுதல் அவளால் செய்திருக்க முடியாது!

இப்போது எல்லோரும் அறிந்த அந்த ஜோடியின் காசுக்கு வருவோம். கி.மு. 34-இல் ஆர்மீனியாவை வென்ற ஆண்டனி, வெற்றி விழாவை ரோமில் கொண்டாடாமல் அலெக்சாந்திரியாவில் கொண்டாடினான். வெள்ளி மேடையில் பொன் அரியணைகள் இட்டு, கிளியோபாட்ராவை அரசர்களுக்கெல்லாம் அரசி என்று அறிவித்து, மூன்று குழந்தைகளுக்கும் நாடுகளைப் பங்கிட்டுக் கொடுத்தான். அதன்பின் வந்தது ஒரு வெள்ளி டினாரியஸ். ஒருபுறம் ஆண்டனி, பின்னால் ஆர்மீனிய மகுடம், ஆர்மீனியா வெல்லப்பட்டது என்ற எழுத்து. மறுபுறம் கிளியோபாட்ரா, அவள் முன்னே சிறியதாக ஒரு கப்பலின் முகப்பு. தலையும் கப்பலும் ஒரே பக்கத்தில்! அதைச் சுற்றி, இலத்தீன் மொழியிலேயே, அவள் பெயரும் பட்டமும்: அரசர்களின் அரசி, அவள் மக்களும் அரசர்கள். ரோமானிய வீரன் தன் சம்பளக் காசில் ஓர் அயல்நாட்டு அரசியின் பெயரை வாசிக்க நேர்ந்தது. ரோமானிய மனைவிக்கு இல்லாத பெயர் எகிப்திய அரசிக்குக் கிடைத்தது.

அவள் முகம்? கொக்கி மூக்கு, கூரிய மோவாய், குழிந்த கண். 2007-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் இவ்வகைக் காசு ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டபோது, கிளியோபாட்ரா அழகியே அல்லள் என்று பத்திரிகைகள் பெரிய எழுத்தில் எழுதின. அது அவசரத் தீர்ப்பு என்பது என் எண்ணம். கிழக்கு நாட்டில் அடிக்கப்பட்ட வேறொரு பெரிய வெள்ளிக் காசில் அவளும் ஆண்டனியும் இரு புறமும் இருக்கிறார்கள். அதில் அவள் முகம் அவன் முகத்தையே ஒத்திருக்கிறது. அதே மூக்கு, அதே மோவாய். இருவரும் ஒரே அதிகாரத்தின் இரு பக்கங்கள் என்று காட்டவே அச்சு வெட்டியவன் அப்படி வெட்டினான் என்று அறிஞர் கூறுவர். அழகுப் போட்டிக்காக எந்த அரசியும் காசு அடிப்பதில்லை.

கி.மு. 32-இல் ஆண்டனி ஆக்டேவியாவை மணவிலக்குச் செய்து, வீட்டைவிட்டு வெளியேற்ற ஆட்களை அனுப்பினான். அவன் மூத்த மகன் தகப்பனோடு இருந்தான். மற்ற குழந்தைகள் அனைவரையும் அழைத்துக்கொண்டு அவள் அழுதுகொண்டே வெளியேறினாள். ஆக்டேவியன் இதற்காகவே காத்திருந்தான். கோயில் கன்னியர் பாதுகாப்பில் இருந்த ஆண்டனியின் உயிலைப் பறித்துச் சபையில் படித்தான். தன் உடலை அலெக்சாந்திரியாவில் புதைக்க வேண்டும் என்று அதில் இருந்ததாம். போர் ஆண்டனிமேல் அல்ல, கிளியோபாட்ராமேல் என்று அறிவிக்கப்பட்டது. எவ்வளவு சாமர்த்தியம்!

போருக்குப் பணம் வேண்டுமல்லவா? ஆண்டனி மிகப் பெரிய அளவில் டினாரியஸ் அடித்தான். இவற்றில் மனைவியும் இல்லை, அவன் முகமும் இல்லை. ஒருபுறம் போர்க் கப்பல். மறுபுறம் படைக் கொடிகளின் நடுவே கழுகுச் சின்னமும் படைப்பிரிவின் எண்ணும். எங்கள் பாடத்துக்கு ஏற்ற செய்தி இங்கேதான் இருக்கிறது. இக்காசுகளில் வெள்ளியின் தூய்மை மற்ற டினாரியஸ்களைவிடக் குறைவு. ஆண்டனி இரும்பைக் கலந்தான் என்று பிளினி எழுதினார். சோதித்துப் பார்த்ததில் அது செம்பு என்று தெரிய வந்தது. இந்தக் கலப்படமே அக்காசுகளுக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தது. நல்ல வெள்ளிக் காசை மக்கள் பதுக்கினார்கள் அல்லது உருக்கினார்கள். மட்டமான காசை யார் பதுக்குவார்? கைமாறிக் கைமாறி, கப்பலும் கழுகும் தேய்ந்து வழவழப்பாகி, 200 ஆண்டுகளுக்குப் பின்னும் அவை புழக்கத்தில் இருந்தன. இன்றும் நாணயம் சேர்க்கத் தொடங்குவோர் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் ஆண்டனி காசு இதுதான். ஜோடிக் காசுகளோ அருமை. அதனாலேயே போலிகள் மிகுதி. அச்சில் வைத்துச் சம்மட்டியால் அடித்த காசுக்கும், வார்ப்பில் ஊற்றிய போலிக்கும் வேறுபாடு உண்டு. போலியின் விளிம்பில் வார்ப்பின் தையல் கோடும், பரப்பில் குமிழித் துளைகளும் பூதக்கண்ணாடியில் தெரியும் என்கிறார்கள்.

கி.மு. 31 செப்டம்பர் 2. ஆக்டியம் கடற்போர். நடுப்போரில் கிளியோபாட்ராவின் 60 கப்பல்கள் பாய் விரித்து வெளியேறின. ஆண்டனி தன் படையை விட்டுவிட்டு அவள் பின்னே போனான். முன்பே போட்ட திட்டம் என்பாரும், காதல் மயக்கம் என்பாரும் உண்டு. எப்படியாயினும் கரையில் இருந்த அவன் வீரர்கள் சில நாள் காத்திருந்து பார்த்துவிட்டுச் சரணடைந்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் அலெக்சாந்திரியா வீழ்ந்தது. கிளியோபாட்ரா இறந்துவிட்டாள் என்ற பொய்ச் செய்தியைக் கேட்டு ஆண்டனி வாளைத் தன் வயிற்றில் பாய்ச்சிக்கொண்டான். அவள் உயிரோடு இருப்பதை அறிந்ததும், குற்றுயிராய்க் கயிறு கட்டி அவள் இருந்த மண்டபத்துக்குள் தூக்கப்பட்டு, அவள் மடியில் இறந்தான். வயது 53. சில நாட்களில் அவளும் மாண்டாள்.

வென்றவன் முதலை உருவம் பொறித்து, எகிப்து கைப்பற்றப்பட்டது என்று காசு அடித்தான். ஆண்டனியின் சிலைகள் வீழ்த்தப்பட்டன. அவன் பிறந்த நாள் தீய நாள் ஆயிற்று. அவன் குலத்தில் இனி யாருக்கும் மார்க்கஸ் என்று பெயரிடக் கூடாது என்று செனட் தடை விதித்தது. புல்வியாவின் மூத்த மகன் கொல்லப்பட்டான். சீசருக்குக் கிளியோபாட்ரா பெற்ற மகன் சிசேரியனை, மிகுந்த செல்வத்தோடு இந்தியாவுக்கு அனுப்பி வைத்திருந்தாள் தாய். வழியில் ஆசிரியன் ஒருவன் பேச்சைக் கேட்டுத் திரும்பி வந்த அவனும் கொல்லப்பட்டான். அவன் கப்பல் ஏறியிருந்தால் எந்தக் கரையில் இறங்கியிருப்பானோ! எகிப்து ரோமின் கைக்கு வந்தபின் ஆண்டுக்கு 120 கப்பல்கள் செங்கடல் துறையிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டன என்று ஸ்டிராபோ எழுதினார். மிளகுக்கு விலையாக வந்த ரோமானியக் காசுகள் கோவை வட்டாரத்திலும், கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் கிடைத்தன. அவற்றில் ஏராளமானவை அகஸ்டஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த ஆக்டேவியனும், அவனுக்குப் பின் வந்த டைபீரியசும் அடித்தவையே.

மிஞ்சிய குழந்தைகள் என்ன ஆனார்கள்? கிளியோபாட்ராவின் மூன்று குழந்தைகளும் ரோமுக்குக் கொண்டுவரப்பட்டு வெற்றி ஊர்வலத்தில் நடத்தப்பட்டார்கள். பின் யார் அவர்களை வைத்துக்கொள்வது? ஆக்டேவியாவே வைத்துக்கொண்டாள்! தன் முதல் கணவனின் மூவர், ஆண்டனிக்குத் தான் பெற்ற இருவர், புல்வியாவின் இளைய மகன், கிளியோபாட்ராவின் மூவர். ஆக ஒன்பது பேர் ஒரே வீட்டில். இளவரசர் இருவரைப் பற்றிப் பிறகு செய்தியே இல்லை. ஆனால் செலீனியை ஆப்பிரிக்காவின் மௌரிடேனியா நாட்டு அரசன் ஜூபாவுக்கு மணம் முடித்துக் கொடுத்தார்கள். அந்தத் தம்பதியும் காசு அடித்தார்கள். ஒருபுறம் அவன், இலத்தீன் எழுத்தில் ஜூபா அரசன் என்று. மறுபுறம் அவள், தாய்மொழியான கிரேக்கத்தில் கிளியோபாட்ரா அரசி என்று. சிலவற்றில் ஒரு முதலையும் இருக்கிறது. வென்றவன் தன் தாய்நாட்டை இழிவுபடுத்தப் பொறித்த அதே முதலையைத் தன் சின்னமாக அவள் திருப்பி எடுத்துக்கொண்டாள். ஜோடிக் காசுகளில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் எடுப்பேன்.

ஆக்டேவியாவின் மகள்கள் வழியாக ஆண்டனியின் இரத்தம் அரியணையும் ஏறிற்று. பேரரசன் கிளாடியஸ் அவனுடைய பேரன். காலிகுலாவும் நீரோவும் அவன் வழிவந்தவர்களே. கிளாடியஸ் தன் தாயின் முகத்தைப் பெயரோடு காசில் பொறித்தான். இலத்தீன் எழுத்தில் அன்டோனியா என்று தெளிவாக இருக்கிறது. கி.பி. 169-இல் மார்க்கஸ் அரேலியஸ் காலத்தில், ஆண்டனியின் கப்பல் காசையே மீண்டும் ஒருமுறை அடித்தார்கள். தடை செய்யப்பட்ட பெயர் அதற்குள் மறதியில் மன்னிக்கப்பட்டுவிட்டது போலும்.

இந்தக் கதையை இவ்வாண்டு பொங்கலுக்குப் போனபோது அப்பத்தாவிடம் சொன்னேன். கிளியோபாட்ரா படகில் வந்ததையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாக்கு வெட்டிக்கொண்டே, அந்த ஒன்பது பிள்ளைகளை வளர்த்தாளே, கடைசியில் அவளை யார் தூக்கிப் போட்டார்கள் என்று மட்டும் கேட்டாள். இந்த முறை விடை கையில் இருந்தது. கி.மு. 11-இல் ஆக்டேவியா இறந்தாள். தம்பி அகஸ்டஸ் இரங்கலுரை ஆற்றினான். இன்னோர் உரையை, ஆண்டனிக்கு அவள் பெற்ற இளைய மகளின் கணவன் துரூசஸ், மக்கள் மன்றத்து மேடையில் நின்று ஆற்றினான். உடலை மருமகன்மார்கள் சுமந்து போனார்கள்.